படிக்கட்டில் நின்ற கட்டில்

மத்தியதரைக் கடலோர நகரங்களில் வீட்டுச் சாமான்கள் இடம் மாறினால் அதற்குக் காரணம் நிலநடுக்கம் என்று பரவலாக நம்பப்படுகிறது. படித்தவர்களும் இந்த நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்வது வருந்தத்தக்கது. நிலநடுக்கம் பாரபட்சம் பார்ப்பதில்லை. கட்டிலை அசைத்தால் நாற்காலியையும் அசைக்கும், அலமாரியைச் சாய்க்கும், கண்ணாடிக் குவளையை உடைக்கும். பலெர்மோ நகரத்தில், பழைய சந்தைக்குப் பின்னால் உள்ள மூன்று கிணற்றுச் சந்தில், அந்த ஜூன் மாதம் நகர்ந்தவை கட்டில்கள் மட்டுமே. ஒரு குவளைகூட உடையவில்லை. நகர்ந்த கட்டில் ஒவ்வொன்றும் தான் எங்கே போகிறோம் என்பது தெரிந்தே நகர்ந்தது. ஆகவே நிலநடுக்கத்தை இந்தக் கதையிலிருந்து முற்றிலும் விலக்கிவிட்டு மேலே செல்லலாம். மூன்று கிணற்றுச் சந்தில் கிணறு எதுவும் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் தேட வேண்டாம்.

அந்தச் சந்தின் நடுவில் உள்ள நான்கு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், சாவகச்சேரியில் பிறந்து பலெர்மோவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்ட யோகமலர் என்ற பெண்மணி, தன் வீட்டின் ஓர் அறையையும் மொட்டைமாடியை ஒட்டிய சின்ன அறை ஒன்றையும் பயணிகளுக்கு விட்டிருந்தார். ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் சோடியாக வந்து தங்கி, கைகோத்துக் கடற்கரையில் நடந்து, மீன் பொரியல் தின்று, யாரும் முறைக்காமல் ஊர் திரும்பலாம் என்று பெயர் வாங்கிய நகரம் அது. ஜூன் மாத ஊர்வலத்தை ஒட்டிப் பால்கனிகளில் வானவில் கொடி தொங்கும். யோகமலரின் பால்கனியிலும் தொங்கியது. கடையில் விற்கும் கொடியில் ஆறே நிறங்கள் இருப்பதைக் கண்ட அவர், வானவில்லுக்கு ஏழு என்று பள்ளியில் படித்ததை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க முடியாது என்று, சட்டைத் துணி மிச்சங்களை இணைத்துத் தானே ஒரு கொடி தைத்தார். கருநீலத்துக்கு மட்டும் துணி கிடைக்காமல் கணவர் நல்லைநாதனின் காற்சட்டையை வெட்டினார். நல்லைநாதன் ஒன்றும் சொல்லவில்லை. மகளின் கலியாண வீட்டில், சம்பந்திகளுக்கு முன்னால், யோகமலர் காய்ச்சிய பாயசம் அடிப்பிடித்துவிட்டது என்று சொன்ன நாளிலிருந்து அவர் எதைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. அன்றிலிருந்து அவருடைய கட்டில் கூடத்தில் கிடந்தது. யோகமலர் தன் அறைக் கதவுக்கு உள்ளே, சமையலறையின் நான்கு நாற்காலிகளில் ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்.

வருகிற பயணிகளிடம் யோகமலர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: ஒரு கட்டிலா, இரண்டா? இது எளிய கேள்வி என்று நினைப்பவர்கள் கேட்டுப் பார்த்ததில்லை. வாசலில் நிற்கிற இரண்டு ஆண்களிடம், குரல் ஏறாமல், இறங்காமல், புருவம் துளியும் அசையாமல் இதைக் கேட்பதற்காக யோகமலர் ஒரு குளிர்காலம் முழுவதும் கண்ணாடி முன்னால் நின்று பழகினார். ஒன்று என்றால் அறையிலுள்ள இரண்டு இரும்புக் கட்டில்களையும் சேர்த்துப் போட்டு ஒரே பெரிய விரிப்பு விரிப்பார். இரண்டு என்றால் நடுவில் ஒரு சின்ன மேசையை வைத்து, அதன்மேல் தண்ணீர்க் குவளையை வைத்து, தனித்தனியாக விரிப்பார். எந்தப் பதிலானாலும் அடுத்த வாக்கியம் தேநீரைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அந்த ஜூனில் தூத்துக்குடியிலிருந்து அருமைநாயகமும் இன்பராஜும் வந்தார்கள். அருமைநாயகம் துறைமுகக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஊரில் எந்த இரங்கல் கூட்டமானாலும் மைக்கைப் பிடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள்; இறந்தவரை முன்பின் தெரியாவிட்டாலும் இருப்பவர்களை அழவைத்துவிடுவார். இன்பராஜ் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு யார் பொய் சொன்னாலும் தனக்குத் தெரிந்துவிடும் என்பார். ஊர்க்கணக்கில் இன்பராஜ், அருமைநாயகம் வீட்டு மாடியில் குடியிருப்பவர். ஊர்க்கணக்கு இருபது வருடமாகத் தவறாக இருந்தது.

பயணத்துக்கு இன்பராஜ் விதித்த நிபந்தனை ஒன்றுதான்.

"ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆளு முன்னாடி, ஒரு கட்டில் போதும்னு நீரு வாயத் தொறந்து கேக்கணும் வே. நான் கேக்க மாட்டேன். நீரு கேக்கணும்."

"இதுக்காவே இம்புட்டு தூரம் போணும்?"

"நம்மூரு லாட்ஜுல கேட்டுருவீரோ?"

அருமைநாயகம் மறுநாளிலிருந்து, காலையில் முகம் மழிக்கும்போது, இத்தாலிய வாக்கியம் ஒன்றை மனப்பாடம் செய்யத் தொடங்கினார். அந்த மொழியில் இருவர் படுக்கும் கட்டிலுக்குக் கலியாணக் கட்டில் என்றே பெயர். படுப்பவர்களுக்குக் கலியாணம் ஆகியிருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஊரிலிருந்து கிளம்பும்போது அந்த வாக்கியம் அவர் வாயில் ஓர் உள்ளூர்க்காரரின் வாக்கியம் போல உருண்டது. விமானத்தில் இருமுறை பணிப்பெண்ணிடமே சொல்லிப் பார்த்தார். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கி, சட்டைக் காலரைச் சரிசெய்து, அருமைநாயகம் வாக்கியத்தை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு அழைப்புமணியை அழுத்தினார். கதவு திறந்தது.

"வாங்கோ, வாங்கோ. படியேறிக் களைச்சுப்போனியள் என்ன? பையை இஞ்ச வையுங்கோ. ஒரு கட்டிலோ, ரெண்டு கட்டிலோ?"

புருவம் அசையவில்லை. ஆனால் கேள்வி தமிழில் இருந்தது. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கடல் தெரிகிற ஒரு படிக்கட்டின் உச்சியில், நெற்றியில் திருநீறு வைத்த ஓர் அக்கா தன்னிடம் தமிழில் கேட்பார் என்ற ஏற்பாட்டை அருமைநாயகம் செய்திருக்கவில்லை. மாதக்கணக்கில் பழகிய வாக்கியம் அவரைவிட்டு இறங்கிப் போனது.

"ரெண்டு," என்றார். "ரெண்டுதாங்க. இவரு என் சித்தப்பா மகன்."

"எந்தச் சித்தப்பா?"

உலகத்தின் எந்த மூலையிலும் தமிழர்கள் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விடமாட்டார்கள். அருமைநாயகம் மேடைப் பேச்சாளர். மைக் இல்லாவிட்டாலும் தொடங்கிவிட்டால் நிறுத்தத் தெரியாதவர். கோவில்பட்டியில் ரயில்வேயில் இருந்த ரத்தினசாமிச் சித்தப்பா, அவருடைய தங்கமான குணம், தீபாவளிக்கு ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் மத்தாப்பு வாங்கிக் கொடுத்தது, கடைசியில் மஞ்சள்காமாலை என்று அவர் சொல்லி முடித்தபோது யோகமலரின் கண்கள் கலங்கியிருந்தன. அவர் உள்ளே போய்ச் சாமிப் படத்துக்கு முன்னால் சித்தப்பாவுக்காக ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வந்து, இரண்டு விரிப்புகளைத் தனித்தனியாக விரித்தார்.

அறைக் கதவு சாத்தியதும் இன்பராஜ் தன் கட்டிலில் உட்கார்ந்தார்.

"எங்கப்பா பேரு வேதமுத்து வே. உசுரோட இருக்காரு. முந்தாநாளு போன்ல சளி புடிச்சிருக்குன்னாரு."

"நாளைக்குச் சொல்லிருதேன்."

"சொல்லும்," என்று சொல்லிவிட்டு இன்பராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த நகரத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைகள் அடைக்கப்பட்டு, சன்னல் பலகைகள் சாத்தப்பட்டு, நாய்கள் உட்பட எல்லோரும் தூங்குவது வழக்கம். இருவரும் தூங்கினார்கள். எழுந்தபோது கட்டில்கள் இரண்டும் விளிம்போடு விளிம்பு ஒட்டி நின்றன. நடுவில் இருந்த மேசை மூலையில் ஒதுங்கி நின்றது. குவளைத் தண்ணீர் சிந்தவில்லை.

"நீரா இழுத்தீரு?"

"நான் உம்ம மேல கோவமா இருக்கேன். நான் எதுக்கு இழுக்கேன்?"

யோகமலர் அதைப் பார்த்துவிட்டு, பழைய கட்டடம், தளம் சரிவாக இருக்கும் என்று சொல்லி, கட்டில்களைப் பிரித்து, மேசையை நடுவில் வைத்தார். மறுநாள் மதியமும் கட்டில்கள் சேர்ந்தன. அதற்கு மறுநாளும். ஒருநாள் அவரே தேநீர் கொண்டுவந்தபோது, ஆள் இல்லாத அறையில், இரண்டு கட்டில்களும் ஒன்றை நோக்கி ஒன்று, வயதான இருவர் ஈரத் தரையில் நடப்பதைப் போல, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வருவதைப் பார்த்தார். அவை மேசையை வந்தடைந்ததும், மேசை தானாகவே வழிவிட்டது. யோகமலர் தேநீரை மேசையில் வைத்துவிட்டு, தமிழ்ச் சங்கத்தின் செயலாளரும் தொழிலால் கொத்தனாருமான துரைரத்தினத்துக்குப் போன் செய்தார்.

துரைரத்தினம் ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"சரிவு இருக்குது அக்கா. ஆனா மற்றப் பக்கம். உது மேட்டில ஏறுது."

"என்னண்டு ஏறும்?"

"அது எனக்குத் தெரியாது. நான் கொத்தன். மேட்டில ஏறுதெண்டு மட்டும்தான் சொல்லுவன்."

கீழ்வீட்டில் இருந்த அகத்தா என்ற விதவை, முதல் நாள் கட்டில் சத்தம் தாங்காமல் துடைப்பக் காம்பால் தன் கூரையை இடித்தார். இரண்டாம் நாள் இடிக்கவில்லை. பிறகு அந்தச் சத்தம் கேட்காவிட்டால் தனக்குக் கண்ணயர்வதில்லை என்றும், கட்டில்கள் முட்டும் ஓசை கேட்டதும் காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தால் சரியான நேரத்துக்கு எழலாம் என்றும் சந்து முழுவதும் சொன்னார். அந்த வாரத்திலேயே சந்தின் மற்ற கட்டில்களும் நடக்கத் தொடங்கின. கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போயிருந்த மீன்கடைக்காரனின் மனைவி, கணவனின் கட்டில் தெருமுனையில் பழக்கூடைகளுக்கு நடுவே தன் சன்னலைப் பார்த்து நிற்பதைக் கண்டு, மழை வரப்போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பினாள். கோவில் பாதிரியார் சந்துக்கு வந்து எல்லாக் கட்டில்களுக்கும் தீர்த்தம் தெளித்தார். அவை ஈரத்தோடு நடந்தன. தமிழ்ச் சங்கத்தின் கூட்டத்தில், கட்டில்களை மலைமேல் குகையிலிருக்கும் புனித ரொசாலியாவிடம் நேர்ந்துவிடுவதா, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதா என்று விவாதம் நடந்து, இரண்டையும் செய்வது என்றும், இரண்டுக்கும் பிறகு சாப்பாடு போடுவது என்றும் ஒருமனதாக முடிவானது. சந்தையில் கட்டில் கால்களுக்கு மாட்டும் ரப்பர்க் குப்பிகள் விற்பனைக்கு வந்து ஒரே காலையில் தீர்ந்துபோயின. கட்டில்கள் அவற்றை மறுக்காமல் அணிந்துகொண்டு, முன்பைவிடச் சத்தமில்லாமல் நடந்தன.

"எங்கட வீட்டுக் கட்டிலுகள் அப்படி இல்லை," என்றார் யோகமலர் எல்லோரிடமும். "உந்த விருந்தாளியளின்ர ரெண்டும்தான். மற்றதுகள் ஒழுக்கமானதுகள்." கூடத்தில் இருந்த நல்லைநாதனின் கட்டில், மதியத்திலும் அடைக்காத தன் கடையில் அவர் இருக்கும் நேரங்களில், யோகமலரின் அறைக் கதவு வரை வந்து, உள்ளே நாற்காலி முட்டுக் கொடுத்திருந்ததால் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அதைக் காற்றோட்டம் என்று அவர் விளக்கினார். மாலையில் தானே கூடத்துக்குத் தள்ளிவிடுவார்.

அருமைநாயகம் ஒவ்வொரு நாளும் காலையில் சொல்லிவிடுவதாகச் சொன்னார். ஒவ்வொரு நாளும் தேநீர் வேளையில் யோகமலர் வந்து, ரத்தினசாமிச் சித்தப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள், அந்தச் சித்தி இப்போது யாரோடு இருக்கிறார் என்று கேட்டார். அருமைநாயகம் சொல்லச் சொல்ல சித்தப்பாவின் குடும்பம் பெருகியது. சித்தப்பாவின் மூத்த மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய அன்று இன்பராஜ் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"அக்கா, மேல மொட்டமாடி ரூம்பு காலியா?"

"ஓம், காலிதான். ஏன் தம்பி, கட்டில் கரைச்சல் குடுக்குதே?"

"கட்டில் ஒண்ணும் குடுக்கலக்கா."

துரைரத்தினமும் நான்காவது மாடியில் குடியிருந்த முடிவெட்டுபவரும் சேர்ந்து இன்பராஜின் கட்டிலை மேலே தூக்கிப் போட்டார்கள். அறைக்கு வெளியே அருமைநாயகம் தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னவே இது, சின்னப் பிள்ள மாதிரி. ஊரு சிரிக்கும்."

"எந்த ஊரு வே? இங்க ஒருத்தனும் சிரிக்கல. நீரு அந்த ஊரையும் பையில வச்சுத் தூக்கிட்டு வந்திருக்கீரு. ஊர்லதான் மாடில இருக்கேன்னு பொய் சொன்னோம். இங்க நெசமாவே மாடிக்குப் போறேன். திரும்பிப் போயும் அப்படியே இருக்கலாம். உமக்கும் சௌகரியம்."

அவர் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் அருமைநாயகத்துக்குப் பயம் வந்தது.

மறுநாள் ஊர்வல நாள். மதியத் தூக்க நேரத்தில் இன்பராஜ் மொட்டைமாடி அறையில் படுத்திருந்தபோது, கட்டில் எழுந்து, அவரோடு வாசலைக் கடந்து, படிக்கட்டில் இறங்கத் தொடங்கியது. நான்காம் மாடியைத் தாண்டி, மூன்றாம் மாடிக்குத் திரும்பும் வளைவில், இரும்புக் கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. சந்தையிலிருந்து வந்த ஆட்கள் இழுத்தார்கள். துரைரத்தினம் கடப்பாரை வைத்து நெம்பினார். கட்டில் இம்மியும் நகரவில்லை. இன்பராஜ் தலையணையைச் சுவரில் சாய்த்து வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தார்.

"இறங்குங்கோ தம்பி," என்றார் யோகமலர் கீழே தன் வாசலில் நின்றபடி.

"கட்டிலு பாதி வழி வந்திருக்குக்கா. மீதி வழிய அவரு வரணும். நான் இறங்க மாட்டேன்."

அந்தக் கட்டடத்தார் இந்தப் புதிய நிலைமைக்கு மாறிக்கொள்வதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மேலே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மெத்தை மேல் ஏறிக் கடந்தார்கள். முடிவெட்டுபவர் தன் வீட்டுக்குப் போகிற வழியில், சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்கு முகம் மழித்துவிட்டால் என்ன என்று மழித்துவிட்டார். அகத்தா அடைத்த கத்தரிக்காயைக் கூடையில் வைத்துக் கயிறு கட்டி, மேல்வீட்டுச் சன்னலுக்கு அனுப்பி, அங்கிருந்து படிக்கட்டுக்கு இறக்க வைத்தார்; இரண்டு மாடிப்படி ஏறிவந்து நேரில் கொடுத்திருக்கலாம்தான், ஆனால் அந்தச் சந்தில் சாப்பாடு கூடையில்தான் போகும். பிறகு, இன்பராஜ் எப்படிச் சாப்பிடுகிறார் என்று பார்ப்பதற்காக ஏறி வந்தார். தூரத்தில் பெரிய தெருவில் ஊர்வலத்தின் முரசுகள் தொடங்கின.

அருமைநாயகம் அறையிலிருந்து வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், இரங்கல் கூட்டத்துக்குப் போவதைப் போல. படியில் நின்று, மார்பை நிமிர்த்தி, மாதக்கணக்கில் பழகிய அந்த இத்தாலிய வாக்கியத்தை, எல்லோருக்கும் கேட்கும்படி, ஓர் உச்சரிப்புப் பிழையும் இல்லாமல் சொன்னார். அகத்தா கைதட்டினார். கட்டில் அசையவில்லை.

"அது மனப்பாடம் வே," என்றார் இன்பராஜ், கத்தரிக்காயைப் பார்த்தபடி. "தமிழ்ல சொல்லும்."

"தமிழ்ல சொன்னா இவங்களுக்குப் புரியாதுல்லா."

"புரியிறவங்க ரெண்டு பேரு நிக்காங்க. அதுக்குத்தான் சொல்லுதேன்."

துரைரத்தினம் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, தன் ரசமட்டத்தை ஆராயத் தொடங்கினார். யோகமலர் கையிலிருந்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். புருவம் அசையவில்லை.

"ஒரு கட்டிலோ, ரெண்டு கட்டிலோ?"

தூத்துக்குடியின் எல்லா மைக்குகளையும் பிடித்தவர் வாய்க்குள்ளேயே முனகினார்.

"ஒண்ணு."

"கேக்கேல்லை. வடிவாச் சொல்லுங்கோ."

"ஒரு கட்டில் போதும் அக்கா. இவரு எனக்குச் சித்தப்பா மகன் இல்ல. எனக்குச் சித்தப்பாவே கிடையாது. இருபது வருஷமா நானும் இவரும் ஒண்ணாத்தான் வாழுதோம். ஊர்ல மாடில குடியிருக்காருன்னு சொல்லி வச்சிருக்கேன். மாடில வத்தல்தான் காயுது. இவரு நெசமா மாடிக்குப் போயிட்டாருன்னா, கீழ நான் யாரு கூட இருக்கதுக்கா?"

யோகமலர் இதை யோசித்தார்.

"அப்ப ரத்தினசாமிச் சித்தப்பா?"

"இல்லக்கா."

"மத்தாப்பு?"

"அதுவும் இல்ல."

"அந்தப் பெட்டைக்கு நான் நோர்வேயில ஒரு மாப்பிளையைக் கேட்டு வைச்சிட்டனே!" யோகமலர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "இஞ்ச பாருங்கோ. நீங்கள் ஆரோட படுத்தாலும் எனக்கொண்டுமில்லை. உந்தக் கேள்வியை நான் எவ்வளவு பழகிக் கேக்கிறனான் தெரியுமே? கேக்கேக்க என்ர புருவம் அசைஞ்சதே?"

"இல்லக்கா."

"பேந்தென்ன பயம்?"

அகத்தா, என்ன சொல்கிறார்கள் என்று துரைரத்தினத்திடம் கேட்டார். துரைரத்தினம், ஒரு கட்டில் என்கிறார் என்றார். இதைச் சொல்வதற்கா இவ்வளவு நேரம், தான் முதல் நாளே கூரைச் சத்தத்தில் கண்டுபிடித்துவிட்டதாக அகத்தா சொன்னார்.

அப்போது கட்டில் இரும்புக் கைப்பிடியிலிருந்து தன் காலை மெல்ல விடுவித்துக்கொண்டது. சுற்றி நின்றவர்கள், தேருக்கு ஒதுங்குவதைப் போலச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். இன்பராஜ் கத்தரிக்காய்த் தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்க, கட்டில் படிப்படியாக இறங்கி, அருமைநாயகத்தின் அருகில் வந்து நின்றது. அவர் ஏறிக்கொள்ளவில்லை, ஒரு கையை அதன் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். அது யோகமலரின் வாசலைக் கடந்து, கூடத்தைக் கடந்து, அறைக்குள் போய், தன் துணையோடு ஒட்டி நின்றது. யோகமலர் பெரிய விரிப்பை எடுத்துவந்து இரண்டுக்கும் சேர்த்து விரித்து, நான்கு மூலையையும் செருகினார். தேத்தண்ணி வைக்கட்டே என்று கேட்டார். இருவரும் ஊர்வலத்துக்குப் போவதாக இருந்தது. சட்டையை மாற்றுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் சாய்ந்தவர்கள் அப்படியே தூங்கிப்போனார்கள்.

சந்தின் கட்டில்கள் மறுநாளிலிருந்து நடக்கவில்லை. ரப்பர்க் குப்பிகள் பாதி விலைக்கு வந்தன. அகத்தா தன் மதியத் தூக்கத்துக்கு ஒரு கடிகாரம் வாங்க வேண்டியிருந்தது. ரத்தினசாமிச் சித்தப்பாவின் விளக்கு மட்டும் தொடர்ந்து எரிந்தது. ஏற்றத் தொடங்கிய விளக்கை, ஆள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிறுத்துவது முறையல்ல என்பது யோகமலரின் கருத்து.

ஊர்வல நாளன்று மாலை நல்லைநாதன் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, கூடத்தில் அவருடைய கட்டில் இல்லை. வாசலிலும் இல்லை, படிக்கட்டிலும் இல்லை. விசாரிப்பதற்காகச் சமையலறைக்குப் போனார். அங்கே, பாயச நாளிலிருந்து மூன்று நாற்காலிகளோடு இருந்த சாப்பாட்டு மேசையைச் சுற்றி, நான்கு நாற்காலிகள் இருந்தன.